இல்லாத ஃபிளாப்பி டிரைவ் வழியாக வந்த ஆபத்து: கிளவுட் சர்வர்களில் 'பொய் ஹார்டுவேர்' எப்படி வேலை செய்கிறது?

2015 மே மாதம். உலகின் பல கிளவுட் நிறுவனங்களில் இன்ஜினீயர்கள் அவசர அவசரமாக சர்வர்களை அப்டேட் செய்துகொண்டிருந்தார்கள். காரணம், ஒரு ஃபிளாப்பி டிரைவ். ஆமாம், ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் 1.44 எம்பி என்று மனப்பாடம் செய்தோமே, அதே ஃபிளாப்பிதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த டேட்டா சென்டர்களில் நிஜமான ஃபிளாப்பி டிரைவைத் தேடினாலும் கிடைத்திருக்காது. ஆனால் அங்கே ஓடிய விர்ச்சுவல் மெஷின்கள் பலவற்றிடம், 'உனக்கு ஒரு ஃபிளாப்பி டிரைவ் இருக்கிறது' என்று ஒரு மென்பொருள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நடிப்பில் ஓர் ஓட்டை. கண்டுபிடித்தவர் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் ஜேசன் கெஃப்னர். சிவிஇ-2015-3456 என்று எண் பெற்ற அந்தப் பிழைக்கு 'வெனம்' என்று பெயர் வைத்தார்கள். முந்தைய ஆண்டு 'ஹார்ட்பிளீட்' பிரபலமானதிலிருந்து பாதுகாப்புப் பிழைகளுக்கு சினிமா டைட்டில் மாதிரி பெயர் வைப்பது வழக்கமாகிவிட்டது.

பெயர் கொஞ்சம் ஓவர்தான். விஷயம் ஓவர் இல்லை. பிழை இருந்த கோடு 2004-ல் எழுதப்பட்டது. 11 வருடம் யார் கண்ணிலும் படவில்லை. யாரும் பயன்படுத்தாத கருவிக்கான கோடை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

ஒண்டுக்குடித்தனம்

கிளவுட் என்பது பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனம். ஒரே இயந்திரம், அதற்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள், சுருக்கமாக விஎம். ஒரு விஎம்மில் உங்கள் ஸ்டார்ட்அப்பின் டேட்டாபேஸ் ஓடலாம். பக்கத்து விஎம்மை முன்பின் தெரியாத ஒருவர் கிரெடிட் கார்டைத் தேய்த்து ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கலாம். இருவருக்கும் இடையே உள்ள சுவர்தான் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள்.

அந்தச் சுவரில் கதவு, ஜன்னல் எதுவும் இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லை. ஆனால் விஎம்முக்கு டிஸ்க் வேண்டும், நெட்வொர்க் வேண்டும், கீபோர்டாவது வேண்டும். ஒவ்வொன்றும் சுவரில் ஒரு துளை. வெனம், அப்படிப்பட்ட ஒரு துளையின் கதைதான்.

டிரைவர் யாரிடம் பேசுகிறது?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம் கெர்னல். ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசும் உரிமை அதற்குத்தான். ஒவ்வொரு கருவியின் பாஷையும் வேறு என்பதால், கெர்னலுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அவர்தான் டிரைவர். நெட்வொர்க் கார்டின் டிரைவர் என்றால், கார்டில் உள்ள ரிஜிஸ்டர்கள் எனப்படும் குட்டிப் பெட்டிகளில் குறிப்பிட்ட எண்களை எழுதும். 'இந்த மெமரி முகவரியில் பாக்கெட் இருக்கு, எடுத்து அனுப்பு' என்று சொல்லும். வேலை முடிந்ததும் கார்டு 'இன்டரப்ட்' என்ற மணியை அடிக்கும்.

விஎம்முக்குள் ஓடும் கெர்னலுக்கும் இதே பழக்கம்தான். ஆனால் அங்கே நிஜ கார்டு இல்லை. அது ரிஜிஸ்டரில் எழுதப் போகும்போதெல்லாம் சிபியு அதை நிறுத்தி, கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் கொடுத்துவிடும். 'இந்த கார்டு நிஜமாக இருந்திருந்தால் இப்போது என்ன செய்திருக்கும்?' என்று யோசித்து, அதே மாதிரி நடித்துக் காட்டுவது ஒரு மென்பொருள். இதற்குப் பெயர் எமுலேஷன். 1999-ல் வந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன், ஏஎம்டியின் ஒரு பழைய நெட்வொர்க் கார்டாக நடித்தது. ஃபிரெஞ்சு புரோகிராமர் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்ட 'கியூஎமு', ரியல்டெக் 8139, இன்டெல் இ1000 எனப் பல வேஷம் போடும். வீடியோ உலகின் முதுகெலும்பான எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கியவரும் இவரேதான்.

நடிப்பால் ஒரு பெரிய லாபம் உண்டு. விஎம்முக்குள் எந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டாலும், அதில் ஏற்கெனவே உள்ள டிரைவர் அப்படியே வேலை செய்யும். பொய் சொல்கிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

நஷ்டங்கள் இரண்டு. ஒன்று வேகம். ஹோட்டலில் ஒரு இட்லிக்கு ஒரு முறை, சாம்பாருக்கு ஒரு முறை, சட்னிக்கு ஒரு முறை என கிச்சனுக்கு ஓடும் சர்வரை நினைத்துப் பாருங்கள். (இங்கே சர்வர் என்றால் நிஜ சர்வர்.) ஒரு பாக்கெட்டை அனுப்ப ரிஜிஸ்டரைப் பல முறை தொட வேண்டியிருந்தால், ஒவ்வொரு தொடுதலுக்கும் விஎம் நின்று, ஹைப்பர்வைசர் எழுந்து, பதில் சொல்லி, மறுபடி விஎம் ஓட வேண்டும்.

இரண்டாவது நஷ்டம்தான் வெனம். நிஜ ஃபிளாப்பி கன்ட்ரோலருக்குக் கட்டளைகள் ஒவ்வொரு பைட்டாக வரும். கியூஎமு அவற்றை 512 பைட் அளவுள்ள ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும். ஒரு கட்டளை முடிந்ததும் 'எத்தனையாவது பைட்' என்ற கணக்கைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். இரண்டே இரண்டு கட்டளைகளில் அந்தக் கணக்கு உடனே பூஜ்ஜியமாகவில்லை. விஎம்முக்குள் இருப்பவர் தொடர்ந்து பைட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் 512-ஐத் தாண்டி, ஹோஸ்ட் இயந்திரத்தில் ஓடும் கியூஎமுவின் சொந்த மெமரிக்குள் எழுத முடியும். அதாவது சுவருக்கு அந்தப் பக்கம். இதற்கு விஎம்மில் ரூட் அனுமதி வேண்டும். வாடகைக்கு எடுத்த விஎம்மில் ரூட் யார்? வாடகைக்கு எடுத்தவர்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. 'எங்களுக்கு ஃபிளாப்பி வேண்டாம்' என்று அட்மின் அணைத்து வைத்திருந்தாலும், ஜென், கியூஎமு இரண்டிலும் இருந்த வேறொரு பிழை காரணமாக அந்தக் கோடு உள்ளே விழித்துக்கொண்டேதான் இருந்தது. நல்லவேளை, பிழை வெளியானபோது யாரும் அதை நிஜத் தாக்குதலில் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. விஎம்வேர், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகியவை கியூஎமுவின் இந்தக் கோடைப் பயன்படுத்தாததால் தப்பின.

பொய்யை ஒப்புக்கொண்ட டிரைவர்

நடிப்பதற்கு இவ்வளவு பாடு என்றால், உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? 'தம்பி, இங்கே நிஜ கார்டு இல்லை. நீயும் நானும் மென்பொருள்தான். இருவருக்கும் வசதியான ஒரு முறையில் பேசிக்கொள்வோம்' என்று விஎம்மின் கெர்னலிடம் சொல்வதுதான் பாராவிர்ச்சுவலைசேஷன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த 'ஜென்' இதைப் பிரபலமாக்கியது.

ஆனால் ஒவ்வொரு ஹைப்பர்வைசரும் தனக்கென ஒரு பாஷையை உருவாக்கிக்கொண்டது. 2008-ல், அப்போது ஐபிஎம்மில் இருந்த ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸல் எண்ணிப் பார்த்தபோது, லினக்ஸ் கெர்னலில் குறைந்தது 8 விர்ச்சுவலைசேஷன் முறைகள் இருந்தன. டிஸ்க், நெட்வொர்க், கன்சோல் என எல்லா டிரைவரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. அதில் ஒரு முறை அவரே விளையாட்டாக எழுதிய 'எல்கெஸ்ட்'.

அவர் கொண்டுவந்த தீர்வு 'விர்ட்டியோ'. 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24-லேயே வந்துவிட்டது. விஎம்மும் ஹோஸ்ட்டும் பகிர்ந்துகொள்ளும் மெமரியில் ஒரு வட்ட வரிசை. டிரைவர் 'இதையெல்லாம் அனுப்பு' என்று பல பஃபர்களின் முகவரிகளை வரிசையாக எழுதிவிட்டு ஒரே ஒரு முறை தட்டும். ஹோஸ்ட் எல்லாவற்றையும் முடித்து, 'முடிந்தது' பட்டியலில் போட்டுவிட்டு ஒரு முறை மணி அடிக்கும். மொத்த டேபிளுக்கும் ஒரே சீட்டில் ஆர்டர் எடுக்கும் சர்வர். ஓடுற ஓட்டம் அவ்வளவாகக் குறையும். 2016-ல் விர்ட்டியோ, ஓயாசிஸ் அமைப்பின் அதிகாரபூர்வத் தரநிலையாகவே ஆனது.

இதன் பக்க விளைவைப் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். லினக்ஸின் கேவிஎம்மில் ஒரு விண்டோஸ் விஎம் போட முயல்வார்கள். இன்ஸ்டால் திரையில் டிஸ்க்கே இல்லை என்று விண்டோஸ் சாதிக்கும். டிஸ்க் இருக்கிறது. ஆனால் அது உண்மை பேசும் விர்ட்டியோ டிஸ்க். அந்த பாஷையின் டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை. தனி ஐஎஸ்ஓ ஒன்றை இணைத்து டிரைவரை ஊட்டிய பிறகுதான் டிஸ்க் 'தெரியும்'. பொய் எந்த டிரைவரோடும் ஓடியது. உண்மைக்குப் புது டிரைவர் எழுத வேண்டியிருக்கிறது.

வேகப் பசி அதோடு அடங்கவில்லை. 2010-ல் ஹோஸ்ட் பக்கத்து நெட்வொர்க் வேலையைக் கியூஎமுவிலிருந்து எடுத்து ஹோஸ்ட் கெர்னலுக்குள்ளேயே வைத்தார்கள், பெயர் வி-ஹோஸ்ட்-நெட். வேகம் கூடியது. கூடவே ஆபத்தின் அளவும். 2019-ல் டென்சென்ட் நிறுவனத்தின் பிளேடு குழு இதே வி-ஹோஸ்ட்டில் ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோவைக் கண்டுபிடித்தது. ஓடும் விஎம்மை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நேரத்தில் மட்டும் திறக்கும் துளை அது. ஆனால் இந்த முறை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு சாதாரண புரோகிராம் அல்ல, ஹோஸ்ட்டின் கெர்னலே.

நிஜ கார்டையே கொடுத்துவிட்டால்?

கேமர்களும் ஏஐ ஆட்களும் கேட்கும் கேள்வி இது. ஜிபியுவாக நடிப்பதெல்லாம் நடக்கிற காரியமா? நிஜ ஜிபியுவையே விஎம்மிடம் ஒப்படைத்துவிடலாமே?

கொடுக்கலாம், 'பாஸ்த்ரூ' என்பார்கள். சிக்கல் என்னவென்றால், நிஜ கருவிகள் சிபியுவைக் கேட்காமலேயே மெமரியில் எழுதக்கூடியவை. டிரைவர் சொல்லும் முகவரியை அப்படியே நம்பி எழுதும். விஎம்மில் இருப்பவர் பக்கத்து வீட்டு முகவரியைக் கொடுத்தால் அங்கேயும் எழுதிவிடும். இதைத் தடுக்கும் காவலாளி ஐஓஎம்எம்யு என்ற ஹார்டுவேர்; ஒவ்வொரு கருவியும் எந்த மெமரியைத் தொடலாம் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். அந்தக் காவலாளியை வைத்துப் பாதுகாப்பாகக் கருவியை ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ என்ற கட்டமைப்பு 2012-ல் லினக்ஸ் 3.6-ல் வந்தது.

ஒரு கார்டை ஒரே விஎம்முக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் கார்டே பல கார்டுகளாகப் பிரிந்து நிற்கும் எஸ்ஆர்-ஐஓவி என்ற தரநிலை 2007-ல் உருவானது. இன்டெலின் 82599 நெட்வொர்க் சிப்பை லினக்ஸ் டிரைவர், ஒரு போர்ட்டுக்கு 63 குட்டி கார்டுகள் வரை பிரித்துக் கொடுக்கும். தசாவதாரம் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. இதிலும் ஒரு விலை உண்டு: நிஜ ஹார்டுவேரைப் பிடித்துக்கொண்டிருக்கும் விஎம்மை, ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு இயந்திரத்துக்கு நகர்த்துவது பெரும் தலைவலி. கார்டின் வயிற்றுக்குள் என்ன நிலை இருக்கிறது என்பது ஹைப்பர்வைசருக்குத் தெரியாது.

ஜிபியு விஷயத்தில் தடை போட்டது டிரைவரேதான். என்விடியாவின் ஜீஃபோர்ஸ் விண்டோஸ் டிரைவர், தான் விஎம்முக்குள் ஓடுவதை மோப்பம் பிடித்தால் 'கோட் 43' என்ற பிழையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். விலை அதிகமான குவாட்ரோ கார்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பயனர்கள் என்ன செய்தார்கள்? ஹைப்பர்வைசரின் அடையாளத்தையே மறைத்து, 'இது நிஜ கம்ப்யூட்டர்தான்' என்று டிரைவரிடம் பொய் சொல்ல வைத்தார்கள். ஹார்டுவேர் நிஜம், கம்ப்யூட்டர்தான் பொய்! பல வருட இழுபறிக்குப் பிறகு 2021-ல் 465 வரிசை டிரைவரிலிருந்து என்விடியா இந்தத் தடையை நீக்கியது.

துளைகளைக் குறைப்பது எப்படி?

2015-ல் இஸ்ரேலின் அன்னபூர்ணா லேப்ஸ் என்ற சிப் நிறுவனத்தை அமேசான் வாங்கியது. 2017-ல் அறிமுகமான சி5 சர்வர்களில், டிஸ்க், நெட்வொர்க் வேலைகளை மென்பொருளிடமிருந்து பிடுங்கித் தனி கார்டுகளிடம் கொடுத்தது. 'நைட்ரோ' என்று பெயர். விஎம்முக்குத் தெரிவது ஒரு என்விஎம்இ டிஸ்க், ஒரு இஎன்ஏ நெட்வொர்க் கார்டு. இரண்டின் டிரைவரும் கெர்னலில் இருந்தாக வேண்டும். பழைய ஜென் சர்வரிலிருந்து மாறியவர்களுக்கு டிஸ்க்கின் பெயரே மாறிப்போனது. பழைய பெயரை ஸ்கிரிப்ட்டில் நேரடியாக எழுதி வைத்திருந்தால், மாறிய பிறகு அது டிஸ்க்கைத் தேடி அலையும்.

அதே நிறுவனம் 2018-ல் வெளியிட்ட 'ஃபயர்கிராக்கர்' இன்னும் கறாரானது. லாம்டா போன்ற சேவைகளுக்காக, மெமரிப் பிழைகளைத் தவிர்க்கும் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. விர்ட்டியோ நெட்வொர்க், விர்ட்டியோ டிஸ்க், ஹோஸ்ட்டோடு பேச ஒரு சாக்கெட், ஒரு சீரியல் கன்சோல், ஒரு கீபோர்டு கன்ட்ரோலர். ஆரம்ப காலத்தில் அவ்வளவுதான். அந்தக் கீபோர்டுக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும்: விஎம்மை நிறுத்துவது. ஃபிளாப்பிக்கு இடமே இல்லை. வெனத்துக்குச் சரியான பதில் என்றால் இதுதான். ஓட்டையை அடைப்பதைவிட, வேண்டாத ஜன்னலை வைக்காமல் வீடு கட்டுவது.

இப்போது சந்தேகம் திசை மாறுகிறது

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஹோஸ்ட் நல்லவர், விஎம் சந்தேகத்துக்குரியவர். ஆனால் வாடகைக்கு இருப்பவர் வீட்டு ஓனரைச் சந்தேகப்பட்டால்?

வங்கிகளும் மருத்துவமனைகளும் கேட்பது அதைத்தான்: 'கிளவுட் நிறுவனமே நினைத்தாலும் எங்கள் டேட்டாவைப் பார்க்க முடியாமல் செய்ய முடியுமா?' ஏஎம்டியின் எஸ்இவி, இன்டெலின் டிடிஎக்ஸ் தொழில்நுட்பங்கள் விஎம்மின் மெமரியையே என்கிரிப்ட் செய்துவிடுகின்றன. 2022-ல் வெளியான லினக்ஸ் 5.19, இவற்றின் புதிய வடிவங்களுக்குள் கெஸ்ட்டாக ஓடக் கற்றுக்கொண்டது. டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் மட்டும் தனியாக ஒரு திறந்த மெமரிப் பகுதி. போகும் டேட்டாவை அங்கே நகல் எடுத்து வைக்க வேண்டும், வரும் டேட்டாவை அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் டிரைவர் எழுதுபவர்களின் பல வருடப் பழக்கம் தடுமாறுகிறது. கார்டு சொல்வதை நம்புவதுதான் டிரைவரின் இயல்பு. '1,500 பைட் கேட்டாய், 1,500 பைட் தந்தேன்' என்று கார்டு சொன்னால் எதற்குச் சரிபார்க்க வேண்டும்? ஆனால் கார்டாக இருப்பதே ஹோஸ்ட்டின் மென்பொருள் என்றால், அது '1 ஜிபி தந்தேன்' என்றும் சொல்லலாம். டிரைவர் அதை நம்பி 1 ஜிபியைப் படித்தால், என்கிரிப்ட் செய்து என்ன பயன்?

2021-ல் விர்ட்டியோவில் இப்படி ஒரு நீளச் சரிபார்ப்பைச் சேர்த்தார்கள். கொஞ்ச நாளிலேயே திரும்பப் பெற வேண்டியிருந்தது. காரணம், கெட்ட எண்ணம் இல்லாத சில விர்ட்டியோ கருவிகளே அத்தனை வருடமும் நீளத்தைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தன. யாரும் பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை. சரிபார்ப்பு வந்ததும் அவை நின்றுபோயின. கெர்னலில் உள்ள ஆயிரக்கணக்கான டிரைவர்களை ஹார்டுவேரைச் சந்தேகப்படும்படி மாற்றுவது நடக்கிற காரியமா என்ற வாதம் லினக்ஸ் வட்டாரத்தில் சூடாகவே நடந்தது. என்கிரிப்ட் செய்த விஎம்முக்குள் தேவையான சில டிரைவர்களை மட்டும் அனுமதிப்பது, அவற்றை மட்டும் வரி வரியாகச் சோதிப்பது என்பதுதான் இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

உங்கள் கையில் இருக்கும் போனிலும்

இதெல்லாம் டேட்டா சென்டர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், பிகேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் பிக்சல் போன்களில் இருக்கிறது. அதன் பாதுகாக்கப்பட்ட விஎம்களின் மெமரியை ஆண்ட்ராய்டே தொட முடியாது. போனின் ஆண்ட்ராய்டை யாராவது கைப்பற்றினாலும் அந்த விஎம்மின் ரகசியம் வெளியே வரக் கூடாது என்பது ஏற்பாடு. உள்ளே இருக்கும் கருவிகள்? அதே விர்ட்டியோதான். வெளியே இருந்து கருவியாக நடிப்பது ரஸ்ட்டில் எழுதிய கிராஸ்விஎம் என்ற மென்பொருள்.

2025 மார்ச்சில் பிக்சல் போன்களுக்கு வந்த டெர்மினல் ஆப், போனுக்குள் ஒரு முழு டெபியன் லினக்ஸ் விஎம்மை ஓட்டுகிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும். அதில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்தால், விடிஏ என்று தொடங்கும் பெயர் ஒன்று வரும். விர்ட்டியோ டிஸ்க்குக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் அது. ஃபிளாப்பி என்றால் எஃப்டி0 என்று இருக்கும். அது இந்தப் பட்டியலில் இல்லை.